கிழித்தெடுத்த பக்கம் யாரைக் காப்பாற்றியது?

"பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பழைய சண்டையெல்லாம்?" பள்ளியில் வரலாறு எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து விழும் கேள்வி இது. பெற்றோர் கேட்கிறார்கள், தலைமையாசிரியர் கேட்கிறார், சாதிச் சங்கத் தலைவர் கேட்கிறார், அமைச்சரும் கேட்கிறார். 2024 ஜூனில் என்.சி.இ.ஆர்.டி. இயக்குநர் தினேஷ் பிரசாத் சக்லானி பி.டி.ஐ. செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் கேட்டதும் இதையேதான். கலவரங்களைப் பள்ளிப் பாடத்தில் ஏன் வைக்க வேண்டும், நமக்கு ஆக்கபூர்வமான குடிமக்கள் வேண்டும், வன்முறையும் மனச்சோர்வும் கொண்டவர்கள் வேண்டாம் என்பது அவர் விளக்கம். அந்த ஆண்டுதான் 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் பாபர் மசூதி தன் பெயரை இழந்து 'மூன்று குவிமாடக் கட்டடம்' ஆனது.

இந்தக் கருத்தைக் கேலி பேசி ஒதுக்கிவிட முடியாது. அதன் முழு பலத்தோடு சொன்னால் இப்படி வரும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆதாரங்களை எடைபோடும் பக்குவம் கிடையாது. வரலாற்றில் சச்சரவு உள்ள இடங்களெல்லாம் சாதி, மதம், மொழி என்று இன்றும் ரத்தம் கசியும் இடங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் கையில் இரண்டு கதைகளைக் கொடுத்து வாதாடச் சொன்னால் அது வகுப்பறையோடு நிற்காது, தெருவுக்கு வரும். அதனால் அறிஞர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஒரே வரலாற்றைப் பள்ளியில் கொடுப்போம். ஒப்புக்கொள்ளாததைக் கல்லூரிக்குத் தள்ளிவைப்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்தக் கருத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தவறு. சச்சரவுள்ள வரலாற்றைப் பல தரப்பு ஆவணங்களோடு வகுப்பறைக்குள் கொண்டுவந்து வாதிட வைப்பது ஒன்றுதான் பாதுகாப்பான வழி. அதை மறைக்கும் வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் 9ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் கால உடைச் சட்டங்களில் தொடங்கி காந்தியின் கதர் வரை போகும் அந்த அத்தியாயத்தின் நடுவே தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் சில பத்திகளில் வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடிய கதை. அதில் ஒரு வாக்கியம், சாணார்கள் நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்யத் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்து குடியேறிய பனையேறிகள் என்ற பொருளில் இருந்தது. 2012இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு வெடித்தது. "நாங்கள் வந்தேறிகளா?" என்று சமுதாய அமைப்புகள் கேட்டன. அரசியல் தலைவர்கள் அந்தப் பகுதியை நீக்கச் சொல்லி அறிக்கை விட்டார்கள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு சமூகம் எங்கிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களுக்குள்ளேயே விவாதத்துக்குரிய கேள்வி. அதை ஆதாரம் காட்டாமல், போகிற போக்கில், முடிந்துபோன உண்மை போலப் புத்தகம் எழுதியிருந்தது. இதற்குச் செய்திருக்க வேண்டியது தெளிவு. அந்த வாக்கியம் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று காட்டியிருக்க வேண்டும். அந்தச் சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாற்றையும் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒப்பிடச் சொல்லிப் பிள்ளைகளிடம் விட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் பாடச்சுமையைக் குறைக்கும் பெயரில் அத்தியாயமே புத்தகத்தைவிட்டுப் போனது.

போனது என்ன என்று பாருங்கள். வந்தேறி என்ற ஒரு சொல்லின் காயத்துக்காக, அந்தச் சமூகத்தின் பெண்கள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, வென்ற போராட்டமே இந்தியா முழுவதும் உள்ள சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 6ஆம் தேதி, நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் பேசினார்கள். மேடையில் பெருமையாக முழங்கும் வரலாறு மாணவனின் புத்தகத்தில் மட்டும் ஆபத்தானதாக மாறிவிடும் மாயம் எனக்குப் புரியவில்லை.

இதே வரலாற்றைப் பல தரப்போடு கற்பித்தால் என்ன ஆகும்? நான் கற்பித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மயிலாடியில் பாதிரியார் ரிங்கல்தௌபே காலூன்றிய நாள் முதல் லண்டன் மிஷன் பாதிரிகள் எழுதியவை இருக்கின்றன. அவற்றின்படி இது கிறிஸ்தவம் கொடுத்த விடுதலை. சாமிதோப்பில் கேட்டால், தலையில் துண்டு கட்டவும் கூடாது என்றிருந்த மக்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்த அய்யா வைகுண்டரே சுயமரியாதையின் ஊற்று. அரண்மனை ஆவணங்களில் இது பழைய வழக்கத்தையும் ஊர் அமைதியையும் காக்கும் பிரச்சினை. ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களில் ஒரு நேரம் மனிதாபிமானம், மறுநேரம் 'நமக்கேன் வம்பு' என்ற தயக்கம். 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் மத விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்றதும், இனித் தட்டிக்கேட்க ஆளில்லை என்று எண்ணி மேல்சாதியினர் தாக்குதலில் இறங்கினார்கள். வீடுகளும் ஜெப ஆலயங்களும் எரிந்தன. சென்னை அரசாங்கத்தின் நெருக்குதலுக்குப் பின் 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையின் சாரத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒரு 9ஆம் வகுப்பில் கொடுத்தேன். கிறிஸ்தவ சாணார் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. இதுதான் அதன் உள்ளடக்கம். வகுப்பு சத்தமில்லாமல் படித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அப்பம் பிரச்சின மறைக்கதுல இல்ல, அவங்கள மாதிரி இருக்கதுலதான்." ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிச் சேர்ந்த இடத்துக்கு அவன் ஒரே பீரியடில் வந்துவிட்டான். அந்த வகுப்பில் அந்தப் போராட்டத்தின் இரண்டு பக்கத்துச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. நான் சொல்லிமுடித்து எழுதிக்கொடுத்திருந்தால் அவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இனி வாதங்களுக்கு வருகிறேன்.

1. பக்குவம் வரவில்லையாம்! எதற்கு வரவில்லை?

சாதிப் பெருமைக்கும் வன்மத்துக்கும் பக்குவம் வந்துவிட்டதே! தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கட்டியிருந்த வண்ணக் கயிறுகளை எல்லோரும் பார்த்தோம். எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் அவனுடைய வீட்டிலேயே வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடுக்கச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தேவையான பரிந்துரைதான். ஆனால் கயிற்றை அறுத்துவிடலாம், அந்தக் கயிற்றின் பின்னால் உள்ள கதையை எப்படி அறுப்பது?

அந்தக் கதை பள்ளியில் கற்றதில்லை. குருபூஜை ஃபிளெக்ஸிலும், இரண்டு நிமிட ரீல்ஸிலும், சித்தப்பா அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலும் கற்றது. எங்கள் முன்னோர் மன்னர்கள், அவர்கள் எங்களிடம் வேலை செய்தவர்கள், அல்லது அவர்கள் எங்களை ஏமாற்றிப் பிடுங்கியவர்கள். இதில் ஒரு வரிக்காவது கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா, நில ஆவணம் உண்டா என்று கேட்கக் கற்ற இடம் எது? எதுவும் இல்லை. பிள்ளைக்குப் பக்குவம் இல்லை என்பவர்கள், அவனுக்குச் சச்சரவுள்ள வரலாறு இன்னும் வந்து சேரவில்லை என்று நம்புகிறார்கள். அது எப்போதோ வந்துவிட்டது. மறுகேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வகுப்பறை ஒன்றுதான் அதைக் கேள்வி கேட்கக்கூடிய இடம். அந்த இடத்தையும் நாமே பூட்டுகிறோம்.

பக்குவம் தானாக வருவதும் இல்லை. கணக்கில் பின்னம் புரியும் வயது வரட்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரும் காத்திருப்பதில்லை. மூன்றாம் வகுப்பிலேயே எளிய பின்னத்தில் தொடங்குகிறோம். சான்றை எடைபோடுவதும் பயிற்சியால் வருவதே.

2. 'ஒரே சரியான வரலாறு' என்பதை எழுதும் கை யாருடையது?

அறிஞர்கள் கூடி ஒப்புக்கொண்டது என்கிறார்கள். அது அலமாரியில் பத்திரமாக இருக்கும் பொருள் என்றால், ஆட்சி மாறும்போதெல்லாம் ஏன் மாறுகிறது? 2012இல் அரசியல் அறிவியல் பாடநூலில் இருந்த அம்பேத்கர் கேலிச்சித்திரம் தொடர்பான கொந்தளிப்பில் என்.சி.இ.ஆர்.டி. ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகிய யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்சிகரும், 2023இல் வேறோர் ஆட்சி செய்த வெட்டுகளுக்குப் பிறகு, அந்தப் புத்தகங்களிலிருந்து தங்கள் பெயரையே எடுத்துவிடச் சொன்னார்கள். முதல் முறை வெட்டியதும் நாடாளுமன்றத்தின் ஏகமனதுதான். அதே 2012இல் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே.லட்சுமணின் சித்திரத்தையும் நீக்கச் சொல்லி இங்கிருந்து குரல் எழுந்தது. தமிழ்நாட்டு மாணவர்களைக் கொச்சைப்படுத்துகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அன்றைய ஆங்கிலப் பத்திரிகை உலகம் நம் போராட்டத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தச் சித்திரத்தைவிட நல்ல சான்று எது? அதை வகுப்பில் வைத்துப் பிய்த்துப் போட்டிருக்கலாமே! நம் பங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒற்றைக் குரல் புத்தகத்தில் மாணவனுக்கு இருப்பது ஒரே வேலை, நம்புவது. புத்தகம் மாறினால் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூல ஆவணத்தைக் கையில் கொடுத்துப் பழக்கியவனிடம் இந்த வித்தை செல்லாது. இலங்கையை எடுத்துக்கொள்வோம். துட்டகைமுனு எல்லாளனை வென்ற கதை ஒரு தரப்பில் அந்நியத் தமிழனை விரட்டிய வீரகாவியம், மறு தரப்பில் நீதிமானான தமிழ் மன்னனின் வீழ்ச்சி. இரண்டுக்கும் முதன்மையான மூலம் மகாவம்சம். அதையே திறந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாளனை நடுநிலை தவறாத அரசன் என்று அதுவே சொல்கிறது. வென்றவன் தோற்றவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடக்கும்போது வாத்திய முழக்கத்தை நிறுத்த ஆணையிட்டதாகவும் அதுவே சொல்கிறது. நடந்ததாகச் சொல்லப்படுவது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், எழுதப்பட்டது ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கழித்து, ஒரு பௌத்தத் துறவியின் கையால். இந்த மூன்று தகவலையும் ஒன்றாகப் பார்க்கும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் கேட்கத் தொடங்கும் கேள்விகள், தத்தம் வீட்டில் கேட்டு வளர்ந்த இரண்டு கதைகளையும் அசைத்துப் பார்க்கும்.

3. 'விவாதம் என்று வந்துவிட்டால் பொய்யும் மெய்யும் சமமாகிவிடும்.'

இதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். இதற்கு நான் பயப்படுகிறேன். கோட்சேவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள் என்று ஒருவர் நாளை வகுப்பில் எழுந்தால்? சாதிக்கும் ஒரு பயன் இருந்தது என்று ஒருவர் மேடை போட்டால்? இரண்டு தரப்பு, இரண்டு நாற்காலி, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் அந்த ஆபத்து நிச்சயம்.

நம் ஊரில் விவாதம் என்றதும் கண்முன் வருவது பட்டிமன்றம். சீட்டுக் குலுக்கித் தரப்பைக் கொடுப்பார்கள். பையன் தனக்குக் கிடைத்த தரப்புக்கு மேற்கோளும் நகைச்சுவையும் திரட்டுவான். கைதட்டல் அதிகம் வாங்கியவன் பக்கம் நடுவர் சாய்வார். பேச்சுக்கலைக்கு அது அருமையான பயிற்சி. வரலாற்றுக்கு விஷம். சான்றைக் கண்டதும் தன் கட்சியை மாற்றிக்கொள்கிறவன் பட்டிமன்றத்தில் தோற்றவன். வரலாற்று வகுப்பில் முழு மார்க் வாங்க வேண்டியவன் அவனே. நான் கேட்கும் விவாதத்தில் மாணவன் முன் முதலில் வருவது ஆவணம். யார் எழுதியது, எப்போது, யாருக்கு, எதை விட்டுவிட்டு? அதற்குப் பிறகே தரப்பு.

அப்படிச் செய்தால் எல்லாம் சமமாகாது. எது எவ்வளவு உறுதி என்பது படிப்படியாகப் பிரிந்து நிற்கும். தோள்சீலைப் பாடத்தோடு சேர்த்து நங்ஙேலி கதையைக் கொடுத்துப் பாருங்கள். சேர்த்தலையில் முலைவரி கேட்டு வந்தவர்கள் முன் தன் மார்பையே அறுத்துவைத்து உயிர்விட்ட பெண் என்று இணையமெங்கும் பரவிய கதை அது. முலக்கரம் என்ற பெயரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மீது தலைவரி இருந்தது உண்மை. நங்ஙேலியின் மரணத்துக்குச் சமகால ஆவணம் கிடைத்ததில்லை; கதை வாய்மொழியாக வந்தது. 1859 அறிக்கை ஆவணத்தோடு நிற்கிறது. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறாள். கூடவே இன்னொன்றையும் கண்டுபிடிக்கிறாள். ஆவணம் இல்லாததால் கதை குப்பையாகிவிடாது. அந்தக் கதையை ஒரு சமூகம் ஏன் இவ்வளவு காலம் சுமந்தது என்பதே கேட்கத் தக்க கேள்வி.

எதை விவாதிக்கலாம், எதை விவாதிக்க இடமில்லை என்ற கோட்டை ஏற்கெனவே போட்டுக் காட்டிய நாடு ஜெர்மனி. 1976இல் ஷ்டுட்கார்ட் அருகே பாய்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் அரசியல் கல்வி வல்லுநர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. மாணவன் மீது ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சச்சரவுள்ளதை வகுப்பிலும் சச்சரவுள்ளதாகவே காட்ட வேண்டும். தன் நிலை எது என்று ஆராய்ந்து செயல்படும் திறனை மாணவன் பெற வேண்டும். அதே ஜெர்மனியில் யூத இனப்படுகொலை நடக்கவில்லை என்று பொதுவெளியில் சொல்வது தண்டனைக்குரிய குற்றம். இரண்டும் ஒரே நாட்டில் எப்படி நிற்கின்றன? நடந்ததா என்பது சச்சரவில் இல்லை. அது எப்படிச் சாத்தியமானது, சாதாரண மனிதர்கள் ஏன் ஒத்துழைத்தார்கள் என்பதில் சச்சரவு உண்டு. 1948 ஜனவரி 30இல் காந்தியைச் சுட்டவன் நாதுராம் கோட்சே. அதில் விவாதம் கிடையாது. எந்தச் சூழல், எந்தச் சொற்கள், எந்த அமைப்புகள் அந்தக் கைக்குத் துணிச்சல் கொடுத்தன என்பதை வகுப்பு விவாதிக்கட்டும். நம் புத்தகத்திலிருந்து 2023இல் காணாமல் போனவை அந்த இரண்டாம் கேள்விக்குத் தேவையான வரிகளே.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. விவாதம் வந்தால் பொய் சமமாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், விவாதமே இல்லாத ஒற்றைப் புத்தகத்தில் பொய் அச்சேறினால் என்ன செய்வார்கள்? அப்போது அது சமமாகக்கூட இருக்காது. அதுவே ஒரே உண்மையாக நிற்கும்.

4. ஒற்றுமை கெடுமாம். ருவாண்டாவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1994 இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவில் பள்ளிகளில் தேச வரலாற்றைக் கற்பிப்பதையே நிறுத்திவைத்தார்கள். அமைதிக்காக மௌனம் நல்லது என்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த நிறுத்தத்துக்குக் காரணம் இருந்தது. படுகொலைக்கு முன்பு பள்ளியில் கற்பித்த வரலாறே நஞ்சாக இருந்தது. துத்சிகள் வடக்கிலிருந்து வந்து ஆக்கிரமித்த அந்நியர்கள் என்று காலனியக் காலத்தில் விதைத்த கதையைப் பாடமாகப் படித்தது ஒரு தலைமுறை. ஆனால் அந்த நஞ்சு பல தரப்பு விவாதத்தில் பிறந்ததா? ஒரே குரலில், மறுகேள்வியில்லாமல் சொல்லிக்கொடுத்ததில் பிறந்தது. அதற்கு மருந்து என்று மௌனத்தைக் கொடுத்ததில் பல ஆண்டுகள் பிள்ளைகள் வீட்டுக் கதைகளோடு மட்டுமே வளர்ந்தார்கள்.

அதைவிடக் கடினமான நிலத்தில் வேறு வழியை முயன்றவர்கள் உண்டு. 2000களின் தொடக்கத்தில், இரண்டாம் இண்டிஃபாடா என்ற பாலஸ்தீன எழுச்சி நடந்துகொண்டிருந்தபோதே, இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஆனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இரு பக்க ஆசிரியர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாடநூல் எழுத வைத்தார்கள். பக்கத்தின் ஓர் ஓரத்தில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு ஓரத்தில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. நடுவில் மாணவன் எழுதுவதற்குக் கோடு போட்ட வெற்றிடம். 1948 ஒரு ஓரத்தில் சுதந்திரப் போர், மறு ஓரத்தில் நக்பா என்ற பேரழிவு. இரண்டையும் சமரசம் செய்து ஒரே கதையாக்க அவர்கள் முயலவில்லை. அது அன்று முடியாது என்பதை நேர்மையாக ஏற்றார்கள். இரண்டு தரப்பு அரசுகளும் அந்தப் புத்தகத்தை ஏற்கவில்லை. 2010இல் அதைப் பயன்படுத்திய ஒரு பள்ளியை இஸ்ரேல் கல்வி அமைச்சகம் தடுத்தது. பாருங்கள், தோற்றுவிட்டார்கள் என்பார்கள். மாணவர்கள் தடுக்கவில்லை, ஆசிரியர்கள் தடுக்கவில்லை, அமைச்சகங்கள் தடுத்தன. ஒற்றுமை கெடும் என்ற கவலை யாருக்கு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று போர்களில் மோதிய பிரான்சும் ஜெர்மனியும் 2006இல் பொது வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதியை வெளியிட்டன. ஒரே உள்ளடக்கம், இரண்டு மொழி. 2003இல் அதைக் கேட்டவர்கள் இரு நாட்டு இளைஞர்கள்.

5. 'எல்லாம் சரி, போர்ஷனை யார் முடிப்பது?'

ஆசிரியர் அறையில் இந்த ஒரு கேள்விக்குத்தான் உண்மையான எடை உண்டு. மற்ற நான்கும் மேடைக்கு. நாற்பத்தைந்து நிமிடப் பீரியட், அறுபது பிள்ளைகள், திருப்புதல் தேர்வு, சென்டம் எத்தனை என்று கேட்கும் ஹெச்.எம்., தேர்ச்சி விகிதம் கேட்கும் சி.இ.ஓ. அலுவலகம். இதற்கு நடுவே ஜெராக்ஸ் எடுத்து விவாதம் நடத்து என்றால் எந்த ஆசிரியருக்கும் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். போதாக்குறைக்கு யாராவது ஒரு பெற்றோர் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் வேலைக்கே ஆபத்து. இந்தப் பயத்தை நான் அறிவேன். பாதுகாப்பு கொடுக்காமல் ஆசிரியரைத் துணிச்சலாக இரு என்று சொல்வது அயோக்கியத்தனம். எந்தப் பாடத்தை எந்த ஆவணங்களோடு விவாதிக்கலாம் என்று துறையே எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்போது புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியது துறை, தனி ஆசிரியர் கிடையாது.

நேரம் இல்லை என்பதற்கு மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். வருடம் முழுவதற்கும் இரண்டே பாடம் போதும். 9ஆம் வகுப்பில் தோள்சீலை. 10ஆம் வகுப்பில் வேலூர், 1806 ஜூலை 10. சிப்பாய்கள் எழுந்தது தலைப்பாகை, உடை பற்றிய புதிய உத்தரவாலா, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்களின் திட்டத்தாலா என்பதில் அன்றே ஆங்கிலேயர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. ஆளுநர் பெண்டிங்கையும் படைத்தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. 'முதல் விடுதலைப் போர்' என்று அதைச் சொல்லலாமா, 1857ஐயா, அதற்கும் முன்பே பாளையக்காரர்களையா என்று பிள்ளைகள் வாதாடட்டும். மீதிப் பாடங்களை இப்போது நடத்துவது போலவே நடத்துங்கள்.

மீதியைத் தீர்மானிப்பது வினாத்தாள். பரீட்சையில் வராததை நம் ஊரில் யாரும் படிப்பதில்லை. வருவதைப் படிக்காமல் விடுவதும் இல்லை. 'புக் பேக்' கேள்விகளில் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்ற ஒரு மார்க் வரிசைக்குக் கீழே இப்படி ஓர் ஐந்து மார்க் கேள்வி போடட்டும்: '1859 அறிக்கையின் பின்வரும் பகுதியையும் ஒரு மிஷன் கடிதத்தையும் படி. இரண்டும் எதில் ஒத்துப்போகின்றன, எதில் முரண்படுகின்றன? அறிக்கையின் கடைசி நிபந்தனை யாரைத் திருப்திப்படுத்த எழுதப்பட்டது என்று நீ கருதுகிறாய்? காரணம் காட்டு.' விடைத்தாள் திருத்துகிறவருக்குக் குறிப்பு: எந்த முடிவுக்கு வந்தாலும் மார்க் உண்டு, ஆவணத்திலிருந்து காரணம் காட்டாவிட்டால் கிடையாது. இந்தக் கேள்வியை ஒரே ஒரு முழு ஆண்டுத் தேர்வில் கேட்டுவிட்டால் போதும். அடுத்த ஜூனில் நோட்ஸ் போடுகிறவர்களே அந்த ஆவணங்களை அச்சடித்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் தயார்ப் பதில்களும் இருக்கும், தெரியும். இருந்தாலும் மகாராஜாவின் நிபந்தனையை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் படித்திருப்பார்கள்.